டீச்சரம்மாவின் தீர்ப்பு

பொதுமக்கள் கருத்து எப்படி உருவாகிறது என்று படித்தவர்கள் மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். என்னைக் கேட்டால் ஒரே வரியில் சொல்லிவிடுவேன். அது எங்கள் வீட்டுக் குளியலறையில் உருவாகிறது. உருவாக்கியவன் நான்தான்.

எல்லாம் என் நாற்காலியால் வந்த வினை. நான் அச்சகத்தில் மிஷின் ஓட்டுகிறவன். காலையில் மிஷின் முன்னால் நின்றால் சாயங்காலம்தான் நகர்வேன். நின்றே பிழைக்கிறவனுக்குத்தான் நாற்காலியின் அருமை தெரியும். பிரம்பு நாற்காலி. ஒரு கை ஆடும். நடுவில் பிரம்பு பிய்ந்து ஒரு பள்ளம். அந்தப் பள்ளம் எனக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி, வேறு யாருக்கும் பொருந்தாது. வீட்டுக்கு வந்து அதில் விழுந்தால் சாப்பாட்டுக்குத்தான் எழுந்திருப்பேன். அதுவரை வாய் திறக்க மாட்டேன். நாள் முழுக்க மிஷின் சத்தத்துக்கு மேலே கத்திவிட்டு வருகிறவனிடம் பேச என்ன மிச்சமிருக்கும்?

ஒரு நாள் என் மனைவி அதைப் படம் பிடித்து எங்கள் பகுதிக்காரர்களின் இணையக் குழுவில் போட்டுவிட்டாள். ‘இது இருக்கலாமா, போகலாமா?’

டீ ஆறுவதற்குள் தீர்ப்பு வந்துவிட்டது. தெருமுனைப் பல் டாக்டர், ‘ஆடுகிறதே, பிடுங்கிவிடலாம்’ என்று எழுதியிருந்தார். மேல்வீட்டுக்காரர், அதே நாற்காலியில் உட்கார்ந்து என் பேப்பரை எனக்கு முன்னால் படித்து முடிக்கிற மனிதர், ‘உட்காருகிறவரையும் சேர்த்து அனுப்பலாமா?’ என்று கேட்டிருந்தார். அதற்குக் கீழே வரிசையாகச் சிரிக்கிற முகங்கள். நேரே மனைவியிடம் போனேன்.

“ஏம்மா, நம்ம வீட்டு நாற்காலிக்கு ஊர் எதுக்கு ஓட்டுப் போடுது?”

“நான் கேட்டா நீங்க பதிலே சொல்றதில்ல. ஊராவது சொல்லுதே.”

“ஊர் சொன்னா செஞ்சிடுவியா?”

“ஞாயித்துக்கிழமை ஆள் வர்றார். அதுக்குள்ள ஊர் மனசு மாறினா பார்க்கலாம்.”

மாற்றிக் காட்டுகிறேன் என்று அங்கேயே சபதம் எடுத்தேன். ‘டீச்சரம்மா’ என்ற பெயரில் ஒரு கணக்குத் தொடங்கினேன். முகத்துக்குப் பதில் ஒரு பூ. டைப் அடிப்பது நடக்காத காரியம். என் விரல் ஓர் எழுத்தைத் தொட்டால் நாலு எழுத்து வந்து நிற்கும். நல்லவேளை, நாம் பேசினால் ஃபோனே எழுதிக்கொள்கிறது. குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டேன். குழாயைத் திறந்துவிட்டேன். ரகசியக் குரலில் சொன்னேன்:

“பழைய நாற்காலியைத் தூக்கி எறிகிற வீட்டில் நாளைக்கு உழைத்துக் களைத்த மனிதரையும் எறிவார்கள். சிந்திப்பீர் சகோதரிகளே.”

நான் வெளியே வருவதற்குள் குழுவில் ஒரே கண்ணீர். பல் டாக்டர் மனம் மாறிவிட்டார். மேல்வீட்டுக்காரர் ஒரு படி மேலே போய், ‘இந்தக் குரலை எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கிறதே அம்மா’ என்று உருகியிருந்தார்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்துவேனா? டீச்சரம்மா பிள்ளை வளர்ப்பைப் பற்றிப் பேசினாள், நடைபாதையைப் பற்றிப் பேசினாள், உலக அமைதியையும் விட்டுவைக்கவில்லை. எதைச் சொன்னாலும் கும்பல் கும்பலாக இதயங்கள் வந்தன. ஒரு நாள் கொஞ்சம் குறைந்தால் என் சொந்த இதயம் படபடத்தது. அச்சகத்திலும் கண் ஃபோன் மேலேயே இருந்ததால், ஒரு கடைத் திறப்பு நோட்டீஸை முன்பக்கம் நேராகவும் பின்பக்கம் தலைகீழாகவும் அடித்துத் தள்ளிவிட்டேன். முதலாளி நோட்டீஸையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

அன்றைக்குச் சாயங்காலம் முன்பின் தெரியாத ஒருவன், ‘யார் இந்தக் கிழவி?’ என்று எழுதிவிட்டான். எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

“என்னங்க, உடம்பு சரியில்லையா?”

“ஒருத்தன் என்னைக் கிழவின்னுட்டான்.”

“உங்களையா?”

“டீச்சரம்மாவை. பாவம், நல்ல மனுஷி.”

“பாவம்தான். எடுத்துச் சொல்ல அவங்க வீட்டுல ஆளில்ல போல,” என்று தட்டைக் கிட்டே நகர்த்தி வைத்தாள்.

சனிக்கிழமை அவளே குழுவில் கேட்டாள். ‘டீச்சரம்மா, நீங்கள் சொன்னபடி நாற்காலி இருக்கட்டும். ஆனால் என் வீட்டுக்காரர் அதில் உட்கார்ந்து ஃபோனையே பார்க்கிறார். பக்கத்தில் நான் இருப்பதே தெரியவில்லை. என்ன செய்யட்டும்?’

குளியலறைக்கு ஓடினேன். “பொறுமை காப்பாய் மகளே” என்றேன்.

குழு கொதித்துவிட்டது. ‘நீங்களுமா டீச்சரம்மா?’ என்றார் பல் டாக்டர். ஓர் இதயம்கூட இல்லை. புகழுக்குப் பழகிய மனசு என்ன செய்யும்? குழாயை இன்னும் கொஞ்சம் திறந்தேன்.

“வீட்டுக்கு வந்ததும் அவர் ஃபோனை மனைவியிடம் கொடுத்துவிட வேண்டும். ராத்திரிப் பாத்திரங்களையும் அவரே கழுவ வேண்டும். இது என் தீர்ப்பு.”

இதயங்கள் கொட்டின. அப்படி ஒரு வெற்றியை அதற்கு முன் நான் கண்டதில்லை. பூரித்துப்போய்க் கதவைத் திறந்தேன். வாசலில் என் மனைவி கையை நீட்டிக்கொண்டு நின்றாள்.

“டீச்சரம்மா சொல்லிட்டாங்க. குடுங்க.”

“முகம் தெரியாத ஒரு பொம்பள சொன்னா...”

“முகம்தான் தெரியாது. குரல் நல்லாத் தெரியும்.”

“என்ன குரல்?”

“மிஷின் பக்கத்துல கத்திக் கத்திப் பழகின குரல். நீங்க ரகசியம் பேசினா மேல்வீட்டுக்காரர் டி.வி.யை நிறுத்திட்டுக் கேக்கறார். அவர் சொல்லிச் சொல்லித்தான் எல்லாரும் இதயம் போட்டாங்க. தண்ணிதான் வீண்.”

எனக்கு உட்கார வேண்டும் போலிருந்தது. “அப்ப நாற்காலி?”

“ஞாயித்துக்கிழமை வர்றவர் பிரம்பு பின்றவருங்க. ‘அது எனக்கு வேணும்’னு என்கிட்ட நேரா ஒரு வார்த்தை சொல்வீங்கன்னு பார்த்தேன். நீங்க ஊருக்கே சொன்னீங்க, எனக்குச் சொல்லல.”

எனக்கு வெட்கமாக இருந்தது. ஃபோனைக் கொடுத்துவிட்டுப் பாத்திரம் கழுவப் போனேன். அவள் என் நாற்காலியில், என் பள்ளத்தில், வெகு சௌகரியமாகச் சாய்ந்துகொண்டாள். ஃபோன் சிணுங்கியது.

“மேல்வீட்டுக்காரர் கேக்கறார், டீச்சரம்மா வீட்டுல துணி துவைக்கறதும் அவங்கதானான்னு.”

“இல்லைன்னு சொல்லு,” என்றேன், எனக்கே கேட்காத அளவுக்கு மெதுவாக.

மேல்வீட்டில் சிரித்தார்கள்.