புலியாரின் எதிர்ப்பக்கம்

ஒரு காட்டில், பயணியர் பங்களாவின் குப்பைத்தொட்டியை ஒட்டினாற்போல, செலின் என்றொரு சருகுமான் இருந்தாள். சருகுமான் என்றால் முயலைவிடக் கொஞ்சம் பெரிய மான். கொம்பு கிடையாது, பயம் உண்டு.

செலினிடம் ஒரு பிஸ்கட் டப்பா நிறையத் தபால்தலைகள் இருந்தன. பங்களாவுக்கு வருகிறவர்கள் கிழித்துப் போட்ட உறைகளிலிருந்து பத்து வருஷமாகச் சேர்த்தவை. உறையைத் தண்ணீரில் ஊறவைத்து, தலையை நோகாமல் உரித்து, செய்தித்தாளின்மேல் குப்புறப் போட்டுக் காயவைப்பாள். பிறகு ஆட்கள் கடிதம் எழுதுவதை விட்டுவிட்டார்கள். பங்களாக்காரர் மேசையைச் சுத்தம் செய்து, ஒட்டாமல் கிடந்த தபால்தலைகளைத் தாள் தாளாகக் குப்பையில் கொட்டினார். பசைகூட நனையாத அந்தத் தாள்களையும் செலின் எடுத்து வைத்துக்கொண்டாள். டப்பாவுக்குள் புலிமேல் மான், பாம்புமேல் தவளை, ராஜாமேல் கழுகு என்று எல்லாம் ஒன்றாகக் கிடந்தன. ஒரு சண்டை வந்ததில்லை.

அப்புறம் லிசி பிறந்தாள்.

புதுத்தாய்க்குப் பயப்படக் காரணம் தேவையில்லை. கிடைத்தால் நல்லது, அவ்வளவுதான். குட்டி தூங்கினால் மூச்சு வருகிறதா என்று செலின் காதை வைத்துப் பார்ப்பாள். வந்தால், ஏன் இவ்வளவு வேகமாக வருகிறது என்று மறுபடி பார்ப்பாள். ஒரு நாள் லிசி டப்பாவில் வாயை வைத்து மொரீஷியஸைத் தின்றுவிட்டாள். இரண்டு நாள் செலின் குட்டியின் பின்னாலேயே நின்றாள். மூன்றாம் நாள் மொரீஷியஸ் ஒரு முனைகூட மடங்காமல் வெளியே வந்தது.

"இரு, எல்லாத்தையும் ஒழுங்கா அடுக்கி, உன் வாய்க்கு எட்டாம வைக்கிறேன்டி" என்றாள் செலின்.

குப்பைத்தொட்டியில் ஒரு கல்யாண ஆல்பம் கிடைத்தது. படங்களை மட்டும் யாரோ ஆத்திரத்தோடு பிடுங்கியிருந்தார்கள். மற்றபடி நல்ல ஆல்பம். நாலு மூலைக்கும் அந்துருண்டை வைத்தாள். சாமணத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

முதலில் நாடு வாரியாக அடுக்கினாள். ஏழெட்டு நாடுகள் இப்போது இல்லவே இல்லை என்று தெரிந்தது. அளவு வாரியாக அடுக்கினாள். வண்டு முன்னாலும் யானை பின்னாலும் வந்தன, மனசு ஒப்பவில்லை. கடைசியில் விலங்கு வாரியாக அடுக்கினாள். முதல் பக்கத்தில் புலி. அதற்கு எதிர்ப்பக்கத்தில் ஒரு சருகுமான் குட்டி. பார்க்க லிசி மாதிரியே இருந்தது.

ஆல்பத்தை மூடினாள். மூடியபிறகுதான் உறைத்தது. மூடின ஆல்பத்துக்குள் புலியின் வாய் யார் கழுத்தில் படிந்திருக்கும்?

பதறிப்போய்த் திறந்து, குட்டியை ஒன்பதாம் பக்கத்துக்கு மாற்றினாள். அப்படியானால் புலிக்கு எதிரில் யாரை வைப்பது? யாரை வைத்தாலும் அது யாரோ ஒருத்தியின் குட்டி. காலியாக விட்டாள்.

புலியாரின் காரியதரிசி நரி அந்த வழியாக வந்தது. இந்தக் காட்டில் நரி எல்லா வழியாகவும் வரும்.

"என்னம்மா செலின், ஆல்பமா? அடடே, முதல் பக்கமே நம்ம ஐயா! ஆமா, எதிர்ல ஏன் காலி?"

"சும்மா… காத்தாட இருக்கட்டும்னு விட்டேங்க."

"காத்தாட." நரி சின்ன நோட்டை எடுத்தது. "ஐயாவுக்கு எதிர்ல உக்கார யாருக்கும் மனசில்லைன்னு எழுதிக்கவா?"

"ஐயோ, அப்படியெல்லாம் இல்லீங்க!"

"நீ சொல்லலம்மா. பக்கம் சொல்லுது."

மறுநாள் காலையில் புலியாரே வந்தார். ஆல்பத்தைத் திறந்து தன் படத்தை நெடுநேரம் பார்த்தார். பிறகு வெள்ளைப் பக்கத்தைப் பார்த்தார்.

"எவ்வளவு நாள்தான் வெறும் தாளையே பாத்துக்கிட்டிருக்கிறது? யாராவது துணைக்கு வேணாமா?" என்றார்.

"ஒன்பதாம் பக்கத்துல ஒரு குட்டி இருக்குங்கய்யா" என்று நரி எடுத்துக் கொடுத்தது.

புலியார் ஒன்பதாம் பக்கத்தைப் பார்த்தார். செலினின் காலடியில் அந்துருண்டை மூலையை முகர்ந்துகொண்டிருந்த லிசியைப் பார்த்தார்.

"படம் ரொம்பச் சின்னதா இருக்கே. அசலே இருக்கும்போது நகல் எதுக்கு? வெள்ளிக்கிழமை வரேன். பக்கம் நிறைஞ்சிருக்கணும்."

செலின் லிசியைத் தன் காலுக்கு நடுவே இழுத்துக்கொண்டாள். நரி அவள் காதருகே குனிந்தது.

"பயப்படாதம்மா, எல்லாம் ஒரு சம்பிரதாயந்தான். ஒட்டுறதுக்கு முன்னாடி கொஞ்சம் தட்டையாக்கணும். அதை ஐயாவே பாத்துப்பாரு."

ஓடலாம் என்று பார்த்தாள். காடு முழுக்க நரி வந்துபோகும் வழிகள். மறைக்கலாம் என்று பார்த்தாள். லிசிக்கு இரண்டு நிமிஷத்துக்கு ஒரு தடவை கத்தாமல் இருக்கத் தெரியாது. வியாழக்கிழமை மத்தியானம் ஒரு முடிவுக்கு வந்தாள். பக்கம் இருப்பதால்தானே எதிர்ப்பக்கம்? ஆல்பத்தைப் பிரித்து, தபால்தலைகள் அத்தனையையும் உருவிப் பழையபடி டப்பாவில் கொட்டினாள். ஆல்பத்தைப் பங்களாக் குப்பைத்தொட்டியிலேயே போட்டுவிட்டு வந்தாள்.

வெள்ளிக்கிழமை தூறிக்கொண்டிருந்தது. புலியார் சொட்டச் சொட்ட வந்தார். பின்னால் நரி.

"எங்கே என் பக்கம்?"

"பக்கமே இல்லீங்கய்யா. நீங்க டப்பாவுக்குள்ளதான் எங்கேயோ இருக்கீங்க. தேடித்தான் பாக்கணும்."

"நானா? இந்தக் கும்பலுக்குள்ளயா?"

அந்த ஒரு விஷயம் அவரால் பொறுக்க முடியாதது. ஈரக் கையை டப்பாவுக்குள் விட்டுத் தானே தேட ஆரம்பித்தார். கழுகு வந்தது, ராணி வந்தாள், ரயில் வந்தது. தான் வரவில்லை. நோட்டுப் புரட்டுகிறவர்களைப் போல விரலை நக்கிக்கொண்டு இன்னும் வேகமாகப் புரட்டினார். ஒட்டாத தாள்கள் கைக்கு வந்தன. ஒன்று பாதத்தில் ஒட்டியது. உதறினார், அது மார்பில் ஒட்டியது. வாயால் இழுத்தார், நாக்கு மேலண்ணத்தோடு ஒட்டியது. ஐந்தாவது தாளுக்கு மீசை இரண்டும் கன்னத்தோடு போயின. நகம் வெளியே வரவில்லை. உறுமிப் பார்த்தார். "ம்ம்" என்றுதான் வந்தது.

"அசையாதீங்கய்யா!" என்றது நரி. "போஸ்டாபீஸ்ல ஈரப் பஞ்சு வச்சிருப்பாங்க. அங்க போய் ஊறவச்சு உரிச்சிரலாம். ஏய் செலின், நீயும் வா. உரிக்கத் தெரிஞ்சவ நீதான். குட்டியைத் தூக்கிட்டு வா, ஐயாவுக்கு அப்புறம் தேவைப்படும்."

காட்டுத் தபால் நிலையத்தில் மந்தி மேடம் உட்கார்ந்திருந்தார். புலியாரை வரிசையில் பின்னால் நின்ற கரடி மரியாதையாகத் தள்ளித் தள்ளிக் கவுண்டருக்குக் கொண்டுவந்து சேர்த்தது. மேடம் நிமிர்ந்து தபால்தலைகளைப் பார்த்தார். மற்றதைப் பார்ப்பது அவர் வேலையல்ல.

"தராசுல ஏத்துங்க."

"மேடம், இது புலியார்!" என்றது நரி.

"யாரா இருந்தா என்ன? ஸ்டாம்பு ஒட்டிக் கவுண்டருக்கு வந்தா அது தபால்."

"கொஞ்சம் பஞ்சு குடுத்தீங்கன்னா, உரிச்சுக்கிட்டு…"

"ஒட்டின ஸ்டாம்பை உரிக்கிறதா? என் கண்ணு முன்னாடியா? ஆட்சேபணை இருந்தா மூணாம் கவுண்டர். டோக்கன் எடுத்துட்டு நில்லுங்க."

நரி சட்டம் தெரிந்தது. ஓடிப்போய் டோக்கன் எடுத்தது. அதற்கு முன்னால் அறுபது பேர் நின்றார்கள்.

"ம்ம்! ம்ம்ம்!" என்றார் புலியார்.

"உயிருள்ள பொருளா?" மேடம் செலினிடம் கேட்டார். "காத்துப் போக ஓட்டை இருக்கா?"

செலின் எட்டிப் பார்த்தாள். "மூக்குல ரெண்டு இருக்குங்க."

"போதும். ஸ்டாம்பும் எடைக்குச் சரியா இருக்கு. இந்தா, படிவத்தை நிரப்பு."

பெறுநர் என்ற இடத்தில் என்ன எழுதுவது என்று செலினுக்குத் தெரியவில்லை.

"அதை விடும்மா. எழுதலைன்னா ஊர் ஊராச் சுத்தும். ஆனா அனுப்புநர் முகவரி கட்டாயம் வேணும். வாங்க ஆள் இல்லைன்னா பதினஞ்சு நாள்ல திருப்பி அனுப்பணும்ல?"

பேனா நின்றது. பதினைந்து நாள். லிசிக்கு அதற்குள் பல்கூட முழுசாக முளைக்காது.

செலின் கான்வென்ட்டில் படித்தவள். பொய் சொன்னதில்லை. படிவத்தில் அடித்துத் திருத்தினதுகூட இல்லை. பேனாவைக் கட்டியிருந்த கயிற்றின் மறுமுனையை லிசி மென்றுகொண்டிருந்தாள். புலியாரின் ஒட்டாத ஒரு கண் அந்தக் குட்டியின்மேலேயே இருந்தது.

செலின் எழுதினாள். சாய்வான கூட்டெழுத்தில், ஒரு புள்ளி தவறாமல்: நரி, காரியதரிசி, மூன்றாவது புதர், மேற்குப் பாதை.

"அழகான கையெழுத்தும்மா" என்றார் மேடம். "கான்வென்ட்டா?"

"ஆமாங்க."

மேடம் புலியாரின் நெற்றியில் ஓங்கி முத்திரை குத்தினார். இரண்டு காட்டெருமைகள் வந்து அவரை வண்டியில் ஏற்றின. பத்து வருஷச் சேமிப்பில் பாதி அவர் உடம்போடு போயிற்று.

"நரி யாருங்க? நரி!"

"என் டோக்கனா மேடம்?" என்று நரி ஓடி வந்தது.

"டோக்கன் இல்ல, ரசீது. பார்சலை வாங்க ஆள் இல்லைன்னா உங்க வீட்டுக்கே வந்துரும். பதினஞ்சாம் நாள் வீட்ல இருங்க. நீங்கதான் கையெழுத்துப் போட்டுப் பிரிக்கணும்."

நரி ரசீதை ஒரு தடவை படித்தது. இன்னொரு தடவை படித்தது. மூன்றாம் தடவை படிக்க அது அந்தக் காட்டிலேயே இல்லை.

செலின் குட்டியின் வாயிலிருந்து கயிற்றை எடுத்துவிட்டு வீட்டுக்குக் கிளம்பினாள்.

நீதி: பெறுநர் யாராக வேண்டுமானாலும் இருக்கட்டும். அனுப்புநர் என்ற இடத்தில் அடுத்தவர் முகவரியை எழுதுக. கையெழுத்து தெளிவாக இருத்தல் அவசியம்.