பதினொன்று பத்துக்கு அறுந்த லைன்

இனி துபாய்ப் பக்கம் தலைவைத்துப் படுப்பதில்லை, கூத்தாநல்லூரில் உட்கார்ந்தே சம்பாதிப்பேன் என்று சபதம் போட்டு ஆறு மாதம் ஆகியிருந்தது. துபாய் கம்பெனியின் சர்வரை எங்கள் வீட்டு மாடியறையிலிருந்து லேப்டாப்பில் பார்த்துக்கொள்வதுதான் வேலை. ராஜா உத்தியோகம்!

இரண்டாவது சபதமும் உண்டு. கொல்லைக்குப் பின்னால் என் வாப்பா விட்டுப்போன மூன்று மா நிலம், ஏறக்குறைய ஒரு ஏக்கர். தங்கையன் குடும்பம் மூன்று தலைமுறையாகக் குத்தகைக்கு உழுகிறது. பிளாட் போடும் இளையபெருமாள் அதற்கு விலை பேசிவிட்டார். என் மனைவி கமருன்னிஸா மறித்தாள்.

"இந்த சம்பா விளைஞ்சா விக்கல. கருகினா வித்துடுவேன். அல்லாஹ் மேல ஆணை!" என்றேன், தங்கையன் முன்னாலேயே.

தைரியமாகத்தான் சொன்னேன். மேட்டூர் அணையை மூடிவிட்டார்கள். வாய்க்காலில் நண்டு நடக்கிறது. எத்தனை ஆட்சி மாறினாலும் பம்புசெட்டுக்கு இலவச மின்சாரம் மாறவில்லை. வயல் பக்கத்து டிரான்ஸ்பார்மர் கருகி மூன்று வாரமாக அந்த மின்சாரம்தான் வரவில்லை.

அப்போதுதான் என் லைன் அறுபட ஆரம்பித்தது.

தினமும் பதினொன்று பத்துக்கு. திரை உறையும். மூன்று நிமிடம் மூச்சு இருக்காது. கேபிளை மாற்றினேன். ரவுட்டரை இரண்டு முறை மாற்றினேன். சும்மா இருந்தால் சர்வர் கழற்றிவிடுகிறதோ என்று, அரை நிமிடத்துக்கு ஒருமுறை அதற்கு சலாம் சொல்லும்படி செட்டிங் வைத்தேன். பதினொன்று பத்துக்கு என் சலாமுக்குப் பதில் இல்லை.

"இன்னிக்குக் கண்கொட்டாம பாக்கப்போறேன், கமரு."

"பாருங்க மச்சான். மிக்ஸி சத்தம் வரும், கதவைச் சாத்திக்குங்க."

அன்று பதினொன்று பத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. பன்னிரண்டே முக்காலுக்கு, நான் சோற்றில் கை வைத்ததும் அறுந்தது.

மறுநாள் டீ கொடுக்கும்போது அக்கறையாகக் கேட்டாள்.

"இன்னிக்கு எத்தனை மணிக்குப் பாக்கப்போறீங்க?"

"பன்னெண்டே முக்கால்."

ஒன்பதரைக்கே அறுந்தது. எவனோ உள்ளே புகுந்து என்னை உளவு பார்க்கிறான் என்று முடிவுகட்டினேன். பாஸ்வேர்டை மாற்றி, அவளிடம் மட்டும் சொன்னேன்.

வெள்ளிக்கிழமை துபாய் மேனேஜர் சொல்லிவிட்டார்: "நாளைக்கு உங்க ஊர் நேரம் மூணு மணிக்கு டேட்டா எல்லாத்தையும் புது சர்வருக்கு மாத்துறோம். அறுந்தா வேலை இல்ல." ஐம்பத்திரண்டு வயதில் வேறு எவன் வேலை தருவான்?  கமருவையும் ஏன் கலங்கடிக்க வேண்டும் என்று சொல்லாமல் விட்டேன்.

சனிக்கிழமை காலை டீயோடு வந்தாள். "இன்னிக்கு எத்தனை மணிக்கு மச்சான்?"

"இன்னிக்குப் பாக்கவே போறதில்ல. நீ நிம்மதியா இரு."

மூன்று மணி ஏழு நிமிடத்துக்கு அறுந்தது. கால் மணி நேரத்தில் போன் வந்தது. இரண்டே வாக்கியம். வேலை போய்விட்டது.

அவளிடம் சொல்லக் கீழே இறங்கினேன். வீட்டில் இல்லை. அடுப்படி பிளக்கிலிருந்து ஒரு ஒயர் கொல்லையைத் தாண்டிப் போயிற்று. அதன் முனையில் வாடகை மோட்டார் ஆழ்குழாய்த் தண்ணீரைக் கொட்டிக்கொண்டிருந்தது. வயலில் தங்கையன். மோட்டார் பக்கத்தில் கமருன்னிஸா.

"நீயா?"

"மோட்டார் கிளம்பறப்ப கரண்ட் ஒரு நொடி இறங்குது, உங்க நெட் பொட்டி அணைஞ்சு வருது. அதான் நீங்க பாக்குற நேரத்தை விட்டுட்டுப் போட்டேன். இன்னிக்குப் பாக்கலைன்னீங்களே!"

லேப்டாப்பில் பேட்டரி உண்டு. ரவுட்டருக்கு இல்லை. ரவுட்டரை மாற்றிய நான், அதைச் செருகிய பிளக்கை ஒருமுறையும் யோசிக்கவில்லை.

"வேலை போச்சு, கமரு."

அவள் முகம் வெளுத்தது. அப்படியே வரப்பில் உட்கார்ந்துவிட்டாள். தங்கையன் தலைகுனிந்து நின்றார். எனக்குக் கத்த வரவில்லை, அழுகைதான் வந்தது. எதிரே கதிர்கள் பால் பிடித்து நின்றன.

"இளையபெருமாளுக்கு போன் போடறேன்..." என்று ஆரம்பித்தேன்.

"பயிர் பொழைச்சிடுச்சு மச்சான்," என்றாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு. "ஆணை வச்சிருக்கீங்க."

மறுநாள் காலை டீயோடு மண்வெட்டியும் வந்தது. எத்தனை மணிக்கு என்று அவள் கேட்கவில்லை.