ஹெல்வியின் கம்ப்யூட்டரும் லக்கா பழச் சதுப்பும்

தம்பெரே,
சனிக்கிழமை

மதிப்பிற்குரிய மச்சான் ரெய்னோ அவர்களுக்கு, உங்கள் தங்கை ஹெல்வியின் கணவன் ஆர்மஸ் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இந்த வரியை எழுதும் வரை நான் நலம். நாளை மாலை ரயிலில் ஹெல்வி திரும்பிய பிறகும் நலமாக இருப்பேனா என்பது தெரியாது. அங்கே எல்லாரும் சுகம்தானே?

ஹெல்வியின் கம்ப்யூட்டர் ஆமையாக ஊர்கிறது, புது டிஸ்க் மாட்டினால் கன்றுக்குட்டியாகத் துள்ளும், அவள் இல்லாத நேரம் பார்த்துச் செய்து அசத்துங்கள் என்று கிறிஸ்துமஸுக்கு வந்தபோது சொன்னது நீங்கள்தான். அவள் தோழி வீட்டுக்குக் கிளம்பியதும் வாங்கி வந்து பழையதன் பக்கத்திலேயே மாட்டினேன். எந்த டிஸ்கிலிருந்து கம்ப்யூட்டர் எழ வேண்டும் என்று கேட்கும் நீலத் திரையில் பழையதன் பெயர் மட்டும் இருந்தது, புதியதைக் காணோம். கழற்றினேன், மாட்டினேன், ஊதினேன், கேபிளையும் மாற்றிப் பார்த்தேன். பெயர் வரவில்லை. நான் நோண்டிய நோண்டலில் பழையதும் கரகரவென்று சத்தம் போட ஆரம்பித்தது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. பழைய டிஸ்கில்தான் ஹெல்வியின் லக்கா பழச் சதுப்புகளின் வரைபடம் இருக்கிறது. இத்தனை வருடம் குடும்பம் நடத்தியும், முந்திப் போனவர்களுக்கே கிடைக்கும் அந்த மஞ்சள் காட்டுப் பழம் எந்தச் சதுப்பு நிலத்தில் விளைகிறதென்று அவள் என்னிடம் சொன்னதில்லை. அதில் தப்பும் இல்லை. நம் ஜனங்கள் சாகக் கிடந்தாலும் சொத்தைச் சொல்வார்கள், சதுப்பைச் சொல்ல மாட்டார்கள். வரைபடத்துக்கு வேறு நகல் கிடையாது. அது போனால் நானும் போனேன்.

கம்ப்யூட்டர் தெரிந்தவன் மாடி வீட்டு ஒஸ்ஸி ஒருவன்தான். ஆனால் அவனும் லக்கா பறிப்பவன். போன ஜூலையில் ஹெல்வியின் காரைக் காடு வரை பின்தொடர்ந்துவிட்டு, சும்மா காற்று வாங்க வந்தேன் என்று சொன்ன பேர்வழி. திருடன் கையில் சாவியைக் கொடுப்பேனா? பழைய டிஸ்கைக் கழற்றிச் சட்டைக்குள் செருகிக்கொண்டுதான் அவனைக் கூப்பிட்டேன்.

அவன் பார்த்துவிட்டுச் சொன்னான்: "அண்ணே, புது டிஸ்க்குக்கு ஒண்ணும் ஆகல. காலியா கெடக்கு, அவ்வளவுதான். காலி டிஸ்க்க அந்தப் பட்டியல்ல காட்டாது. பழசுல இருக்கிறத இதுல காப்பி பண்ணணும். பழசு எங்க?"

குப்பையில் போட்டுவிட்டேன் என்றேன். அவன் என் சட்டையையே பார்த்தான்.

"அண்ணே, உங்க நெஞ்சு சதுரமா இருக்கு."

வேறு வழியில்லாமல் எடுத்துக் கொடுத்தேன். நகல் ஓடும்போது அவனுக்கும் திரைக்கும் நடுவில் நின்றேன். ஆனால் வீட்டுக்கு வந்தவனுக்குக் காபியும் ஏலக்காய் ரொட்டியும் கொடுக்காமல் இருக்க முடியுமா? அதுவும் ஹெல்வி காதுக்குப் போகும். காபி வடியும் வரை அவன் அந்த அறையில் தனியாக இருந்தான். நான் திரும்பி வந்தபோது புது டிஸ்கின் பெயர் பட்டியலில் இருந்தது, கம்ப்யூட்டரும் துள்ளியது. ஒஸ்ஸி காபியைப் பாதியில் வைத்துவிட்டு அவசரமாகப் போனான். நம் நாட்டில் ஒரு மனிதன் காபியை மிச்சம் வைத்து நான் பார்த்ததே இல்லை, மச்சான். வரைபடத்தைப் பார்த்துவிட்டான் என்றே நினைக்கிறேன்.

ஹெல்வியிடம் மூச்சு விடாதீர்கள். அவள் கேட்டால் கம்ப்யூட்டர் தானாகவே குணமாகிவிட்டது என்று நீங்களும் சொல்லுங்கள். பழைய டிஸ்கை அனுப்பினால் பத்திரமாக அழித்துவிடுவதாகப் போனில் இரண்டு தடவை சொன்னீர்கள். உங்கள் நல்ல மனதுக்கு நன்றி. டிஸ்கை இத்துடன் வைத்திருக்கிறேன்.

உங்கள் கூரைப் பனி யார் தலையிலும் விழாமல் இந்தக் குளிர்காலம் கழியட்டும். வீட்டில் அனைவருக்கும் என் அன்பு.

பயத்துடன்,
ஆர்மஸ்

பி.கு.: ஹெல்வி ஒரு நாள் முன்னதாகவே வந்துவிட்டாள். இந்தக் கடிதத்தை நின்றபடியே படித்து முடித்தாள். பிறகு சொன்னாள்: "அந்தப் படம் முழுக்கப் பொய்ங்க. எங்க அண்ணன் வந்தா என் கம்ப்யூட்டர நோண்டுவான்னு தெரியும். அவனுக்காகவே போட்டு வச்சது. அங்க போனா கொசுதான் கடிக்கும்." உண்மையான இடம் எது என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. டிஸ்கைக் கட்டாயம் உங்களுக்கு அனுப்பச் சொல்கிறாள். நீங்கள் கிறிஸ்துமஸுக்கு வந்து அந்தப் படத்தைப் பார்த்துவிட்டுப் போன பிறகு, உங்களுக்காக இன்னும் இரண்டு சதுப்புகள் சேர்த்திருக்கிறாளாம்.