இடது பெட்டியின் கரகரப்பு குறித்து மச்சானுக்கு

போர்சியா,
செவ்வாய்க்கிழமை காலை, மழை.

மிகுந்த மதிப்புக்கும் ஓரளவு பயத்துக்கும் உரிய பெரிய மச்சான் மங்காசி அவர்களுக்கு, உங்கள் தங்கை ருஸ்தியின் கணவன் லம்ஹோட் எழுதிக்கொள்வது. ஹோராஸ், ஹோராஸ், ஹோராஸ் என்று மூன்று முறை வாழ்த்துகிறேன்! கர்த்தர் கிருபையால் இங்கே நாங்களும் பன்றிகளும் சுகம். அங்கே நீங்களும் அக்காவும், வரும் சனிக்கிழமை மணப்பெண்ணாக நிற்கப்போகும் மருமகள் தியார்மாவும் சுகமாக இருக்க வேண்டிக்கொள்கிறேன். பாலிகே என்ன கடல் கடந்தா இருக்கிறது, போன் செய்யக் கூடாதா என்று கேட்பீர்கள். பெண் கொடுத்த வீட்டாரிடம் குரலை உயர்த்துவது நம்மில் பெரிய தப்பு. போனில் என் குரல் தானாக உயர்ந்துவிடும். காகிதத்தில் எவ்வளவு கத்தினாலும் வெளியே கேட்காது. ஆகவே எழுதுகிறேன்.

விஷயம், இரண்டு மாதம் முன்பு நீங்கள் மேடானிலிருந்து எனக்கென்று வாங்கி வந்து கொடுத்த ஸ்பீக்கர் பெட்டிகளைப் பற்றியது. நான் யார் மேலும் பழி சொல்லவில்லை. நடந்ததை மட்டும் சொல்கிறேன். போன சனிக்கிழமை சிலாயென் ஊர்க் கல்யாணத்துக்குத்தான் அவற்றை முதன்முதலாக எடுத்துப் போனேன். பெண் வீட்டார் மீன் தட்டோடு ஆடிக்கொண்டு உள்ளே நுழைகிறார்கள், நான் கீபோர்டில் இடது கையால் கீழ்ச்சுரத்தை அழுத்துகிறேன், இடது பெட்டி 'கர்ர்ர்ர்' என்கிறது. ஆடிக்கொண்டிருந்தவர்கள் நின்றுவிட்டார்கள். முன்வரிசையில் ஒரு பெரியவர், "யாருப்பா அது, டிராக்டரைப் பந்தலுக்குள்ள ஓட்டிட்டு வர்றது?" என்று கேட்டார். அது போதாதென்று வலது பெட்டி, சளி பிடித்தவன் ஜெபம் செய்வதுபோலக் கிழிந்த குரலில் கத்துகிறது. லாகுபோட்டி பர்டோமுவான், அவனும் கீபோர்டுக்காரன்தான், சாப்பாட்டுக்கு வந்த இடத்தில் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினான். ஆறுதலாக ஆட்டினான். அதிலிருந்தே எனக்குச் சந்தேகம்.

மறுநாள் கோயில் முடிந்ததும் விசாரணையைத் தொடங்கினேன். முதலில் ருஸ்தியின் கண்ணாடி அலமாரிதான் அதிர்கிறதோ என்று அதைக் காலி செய்து வாசலில் வைத்தேன், மழை வந்தது, அதைப் பற்றி உங்கள் தங்கை தனியாக எழுதுவாள். அலமாரி நனைந்தது, கரகரப்பு நிற்கவில்லை. வயரை மாற்றினேன். பக்கத்து வீட்டிலிருந்து மின்சாரம் இழுத்துப் பார்த்தேன், அவர்கள் வீட்டு மின்சாரமும் கரகரத்தது. வலது பெட்டியை இடமும் இடது பெட்டியை வலமும் மாற்றி வைத்தேன். கரகரப்பு பெட்டியோடு கூடவே போனது. ஆக, கீபோர்டு நிரபராதி, வயர் நிரபராதி, குற்றவாளி பெட்டிக்குள் இருக்கிறான். சிலாயெனில் பர்டோமுவான் கை கழுவப் போகிறேன் என்று என் பெட்டிக்குப் பின்னால் போனதை நான் கண்ணால் பார்த்தேன். அங்கே குழாயே கிடையாது.

ரேடியோ பழுது பார்க்கும் திகோரை வரவழைத்தேன். அவன் ஒரு காபி குடித்தான், பெட்டியைத் தொடவே இல்லை. "அண்ணே, வலது பெட்டி பின்னாடி சின்னதா ஒரு விசை இருக்கே, அதை யார் மைக் பக்கம் தள்ளுனது? அப்படி வெச்சா கீபோர்டு சத்தம் அளவுக்கு மேல ஏறிக் கிழியும். முன்னால சிவப்பு விளக்கு எரிஞ்சிருக்குமே, பாக்கலயா?"

"பாத்தேன். அழகுக்குன்னு நெனச்சேன்."

"சிவப்பு எரிஞ்சா பெட்டி அழுவுதுன்னு அர்த்தம்ணே. விசையைத் தள்ளுங்க, கீபோர்டு சத்தத்தையும் கொஞ்சம் இறக்குங்க."

தள்ளினேன், இறக்கினேன், வலது பெட்டி தேவதூதன்போலப் பாடியது. முன்பு ஒரு நாள் பெட்டியை இரவல் வாங்கி, மைக் செருகிப் பாடி, விசையைத் தள்ளி வைத்த கோயில் மூப்பரை இப்போதைக்கு மன்னித்துவிட்டேன். ஆனால் இடது பெட்டி? திகோர் அதைத் தூக்கிக் காதருகே ஆட்டினான். சலசலவென்றது. முன்பக்கக் காற்றுத் துளை கீழே பார்க்கும்படி லேசாகச் சாய்த்தான். பாயில் நாலைந்து மணி அரிசி விழுந்தது.

மச்சான், அது உங்கள் அரிசி. பெட்டிகளைக் கொடுத்த அன்று எங்களை உட்கார வைத்து, வழக்கப்படி அட்சதை தூவி ஆசீர்வதித்தீர்கள். பெட்டிகள் அப்போது பாயில் மல்லாந்து கிடந்தன, துளை மேலே பார்த்தபடி. என் தலையில் எத்தனை மணி விழுந்தது தெரியுமா? மூன்று. எண்ணினேன். ருஸ்தி தலையில் ஐந்து. மிச்சம் இரண்டு பிடி அரிசியும் எப்படி ஒரு சாண்கூட இல்லாத துளைக்குள் போனது? கை தவறியதா, குறி பார்த்ததா? நான் கேட்கவில்லை, திகோர் கேட்டான்.

கவிழ்த்துக் கொட்டு என்றேன். உங்கள் தங்கை பெட்டியின் மேல் ஏறி உட்கார்ந்துவிட்டாள். "எங்க அண்ணன் போட்ட அட்சதைங்க! அதை வாரி வெளிய கொட்டுனா இந்த வீட்ல எது நிலைக்கும்? அண்ணன்கிட்ட உத்தரவு வாங்காம ஒரு மணியைத் தொட்டீங்க, நான் பாலிகேக்குப் போயிருவேன்." திகோர் இரண்டாவது காபி கேட்டான்.

இப்போது என் நிலைமையைப் பாருங்கள். சனிக்கிழமை தியார்மா கல்யாணத்துக்கு நீங்கள் பர்டோமுவானைக் கூப்பிடப்போவதாகக் கள்ளுக்கடையில் பேச்சு. நீங்களே அவன் பெயரைச் சொல்லி ஏதோ விசாரித்தீர்களாம். உங்கள் வீட்டு விசேஷத்தில் உங்கள் பெண்களைக் கட்டியவர்கள்தான் சோற்றுப் பானை சுமக்க வேண்டும், பரிமாற வேண்டும், தட்டுக் கழுவ வேண்டும். பதினெட்டு வருடமாக என்னை அதிலிருந்து காப்பாற்றியது கீபோர்டு ஒன்றுதான். விரல் ஈரமானால் சுருதி போய்விடும் என்று சொல்லி வைத்திருக்கிறேன், எல்லோரும் நம்புகிறார்கள். மேடையில் பர்டோமுவான் உட்கார்ந்திருக்க, நான் துண்டைக் கட்டிக்கொண்டு அவன் தட்டில் பன்றிக்கறி வைத்து, "இன்னும் கொஞ்சம் போடட்டுமா?" என்று கேட்க வேண்டுமா? அழுதுவிடுவேன் மச்சான், வெட்கத்தை விட்டே எழுதுகிறேன். பெட்டியைக் கொடுத்து, பெட்டிக்குள் அரிசியைப் போட்டு, பெட்டி சரியில்லை என்று ஆளை மாற்றுவது என்றால், ரொம்ப நாள் உட்கார்ந்து யோசித்திருக்க வேண்டும். நீங்கள் அப்படி யோசித்தீர்கள் என்று நான் சொல்லவில்லை. யோசிக்கக் கூடியவர் என்று மட்டும் சொல்கிறேன்.

ஆகவே தங்கள் ஆசீர்வாதத்தை இடது பெட்டியிலிருந்து வெளியே எடுக்க எழுத்து மூலம் உத்தரவு தரும்படி தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன். உங்கள் ஆயுசு நீளட்டும், உங்கள் பிள்ளைகள் பெருகட்டும், அக்காவின் முழங்கால் வலி குறையட்டும்.

இப்படிக்கு,
எந்தச் சந்தேகமும் இல்லாத உங்கள் மாப்பிள்ளை,
லம்ஹோட்

பி.கு.: காகிதத்தை மடிக்கும்போது வாசலில் மோட்டார் சைக்கிள் சத்தம். தியார்மா நனைந்துகொண்டே வந்து கல்யாண நிகழ்ச்சித் தாளைக் கொடுத்தாள். கீபோர்டு: லம்ஹோட். தடித்த எழுத்தில்! பர்டோமுவான் என்ன ஆனான் என்றேன். "அவர் மாப்பிள்ளை வீட்டு விருந்தாளி மாமா. அவரை எந்தப் பக்கம் உக்கார வைக்கிறதுன்னுதான் அப்பா விசாரிச்சாரு. நீங்க இருக்கறப்ப வேற யாரு வாசிப்பா?" அரிசியைப் பற்றிச் சொன்னேன். முதலில் சிரித்தவள் பிறகு சிரிக்கவில்லை. "அப்பாவுக்கு இப்பல்லாம் கை நடுங்குது மாமா. எங்க தூவுனாலும் வேற எங்கயோ விழுது. யார்கிட்டயும் சொல்ல மாட்டேங்கறாரு. நீங்க கொட்டிருங்க, அத்தைகிட்ட நான் பேசறேன்." மச்சான், மேலே எழுதிய எல்லாவற்றையும் திரும்பப் பெறுகிறேன். என்னை மன்னியுங்கள். கிழித்தே போட்டிருப்பேன், மூன்று பக்கமும் கையெழுத்து அருமையாக வந்துவிட்டது. அரிசியைக் கொட்டியாயிற்று, பெட்டி பாடுகிறது. தியார்மா கையிலேயே இதைக் கொடுத்தனுப்புகிறேன். நன்றாக ஒட்டியிருக்கிறேன், பிரித்திருந்தால் சொல்லுங்கள்.

ஒட்டுவதற்கு முன் இன்னொன்று. நிகழ்ச்சித் தாளை இப்போதுதான் திருப்பிப் பார்த்தேன். பின்பக்கத்தில் 'தட்டுக் கழுவுவோர்' என்று ஒரு பட்டியல் இருக்கிறது. அதில் முதல் பெயர் என்னுடையது. அதுவும் தடித்த எழுத்தில்.