மொட்டைக் கடிதத்துக்குள் ஒரு பெயர்

மரக்காணம்,
செவ்வாய்க்கிழமை

பக்கத்து ஊரான பிரம்மதேசத்தில் இருக்கும் மரியாதைக்குரிய மச்சான் நடராசன் அவர்களுக்கு, தங்கள் தங்கை பாக்கியலட்சுமியைக் கட்டிக்கொண்ட ராஜவேல் வணங்கி எழுதுவது. இங்கே அனைவரும் சுகம் என்று எழுதுவது முறை. எழுதிவிட்டேன்.

உங்கள் உப்பளத்தைப் பற்றிப் பெயர் போடாத மனு ஒன்று மேலிடத்துக்குப் போனதே, குடிதண்ணீர் டிரம் ஒன்பது நாளாகக் காலி, முத்தம்மாள் பாத்தியில் உப்பு வாரும்போதே மயங்கி விழுந்து உப்பு ஏற்றும் வண்டியில் ஆஸ்பத்திரிக்குப் போனாள் என்று, அதை எழுதியவன் நான். திரௌபதி இல்லை. அவளை நீங்கள் வேலையிலிருந்து நிறுத்தியது தப்பு. திரும்பக் கூப்பிட வேண்டும். சொல்ல வந்தது இவ்வளவுதான். மீதியெல்லாம் பயத்தில் எழுதுவது.

நம்பவில்லை என்றால் சாட்சி உங்கள் போனிலேயே இருக்கிறது. அந்த மனு எந்த ஆபீசிலிருந்து கால் முளைத்து உங்களிடம் நடந்து வந்தது என்று நான் கேட்க மாட்டேன். அந்தப் பிடிஎஃப் ஃபைலை ஒரு கம்ப்யூட்டரில் போட்டு, வலது பக்கம் கிளிக் செய்தால் ப்ராப்பர்ட்டீஸ் என்று வரும். சொத்து என்று நினைத்து ஆசைப்படாதீர்கள். ஃபைல் எப்போது பிறந்தது, எந்த நிமிஷம் திருத்தினார்கள் என்று ஜாதகம்போல எழுதியிருக்கும். அதில் ஆசிரியர் என்ற இடத்தில் என் பெயர் இருக்கும். நாற்பத்தொன்பது வயதில் என்னை ஆசிரியர் என்று ஒப்புக்கொண்ட முதல் ஆத்மா அந்தப் பெட்டிதான். அதுவும் காட்டிக்கொடுப்பதற்காக.

மச்சான், மொட்டைக் கடிதத்தில் எனக்கு முப்பது வருஷ அனுபவம். அந்தக் காலத்தில் இடது கையால் எழுதினேன். அது வலது கையைவிட அழகாக இருந்ததால் யாருக்கும் என்மேல் சந்தேகமே வரவில்லை. பிறகு திண்டிவனத்தில் டைப் கற்றபோது அந்த மிஷினில் 'ழ' மட்டும் தேய்ந்திருந்தது. கடிதத்தைப் பார்த்தவுடன் ஊரே எந்த மிஷின் என்று சொல்லிவிட்டது. அப்புறம் கம்ப்யூட்டர் தமிழ் வந்தது. ஆளுக்கொரு ஃபான்ட், ஃபான்டுக்கொரு சட்டம். இங்கே அடிப்பது அங்கே அதே ஃபான்ட் இல்லாவிட்டால் வெறும் அரைப்புள்ளியும் கேள்விக்குறியுமாகத் திறக்கும். அதைப்போலப் பாதுகாப்பான மொட்டைக் கடிதம் உலகத்தில் கிடையாது. அனுப்பியவனும் தெரியாது, அனுப்பிய விஷயமும் தெரியாது. கடைசியில் யூனிகோடு வந்து எல்லார் எழுத்தையும் ஒன்றாக்கியது. கலெக்டர் அடித்தாலும் நான் அடித்தாலும் ஒரே 'ழ'. இனிமேல் பயமில்லை என்றுதான் இருந்தேன். எழுத்தை ஒன்றாக்கியவர்கள் ஃபைலின் வயிற்றுக்குள் பெயரைத் தைத்து அனுப்புகிறார்கள் என்று யாராவது சொன்னார்களா? அதனால்தான் இதைப் பேனாவால் எழுதுகிறேன். காகிதத்தைக் கிளிக் செய்தால் கிழியும், அவ்வளவுதான்.

நேற்று உங்கள் மேஸ்திரி மாயவன் அந்த மனுவைப் பிரின்ட் எடுக்க நம் டைப்பிங் கடைக்கே வந்தார். போனை நீட்டி, "ஏம்பா ராஜவேலு, இத எவன் எழுதினான்னு உன் பொட்டில கண்டுபுடிக்க முடியுமா?" என்றார். "அதெல்லாம் சயின்டிஸ்ட்டாலதான் முடியுங்க" என்றேன்.

"எதுக்கு சயின்டிஸ்ட்டு? அந்தத் திரௌபதிதான். 'நாய்க்குக்கூட சட்டில தண்ணி வெக்கிறாங்க'ன்னு அன்னிக்கு எம்மூஞ்சிக்கு நேரா கேட்டா. அதே வார்த்தை இதுல இருக்குது பாரு."

"அவ கைநாட்டுங்களே மேஸ்திரி. பிடிஎஃப்னா பிஸ்கட்டான்னு கேப்பா."

"கைநாட்டுக்கு வாய் இல்லையா? நாளையிலேர்ந்து வரவேணாம்னு மொதலாளி சொல்லிட்டாரு. நானும் சொல்லிட்டேன்."

பிரின்ட்டை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு போய்விட்டார். பாக்கியம் கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிட்டாள்.

சாயங்காலம் திரௌபதியே வந்தாள். ஆதார் ஜெராக்ஸ் வேண்டுமாம், அனுமந்தைப் பக்கம் மீன் காய வைக்கிற இடத்தில் வேலை கேட்கப் போகிறாளாம். காலில் உப்புத் தண்ணீர் அரித்த புண் இன்னும் ஆறவில்லை. "அண்ணே, எழுதினது யாருன்னு தெரிஞ்சா கையப் புடிச்சிக் கும்புடுவேன்" என்றாள். "ஆனா எம்பொழப்பு போச்சேண்ணே." ஜெராக்ஸ் கறுப்பாக விழுந்துவிட்டது என்று சொல்லி மூன்று தடவை எடுத்தேன். நல்லாத்தான் விழுந்தது மச்சான், நிமிர்ந்து அவ மூஞ்சியப் பாக்க முடியல.

அதனால் இது என் வாக்குமூலம். தீபாவளிக்கு என்னைக் கூப்பிட வேண்டாம். உங்கள் உப்பளத்து டைப்பிங் வேலையை வேறு கடைக்குக் கொடுங்கள். ஊர் நடுவில் வைத்துத் திட்டுங்கள், நான் ஆளில்லாத பக்கமாகப் பார்த்து நிற்கிறேன். அவளை மட்டும் கூப்பிட்டுக்கொள்ளுங்கள்.

வீட்டில் அக்காவுக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு. அவர்கள் வாங்கிக்கொள்ள மறுத்தால் அதை இந்தக் கவரிலேயே விட்டுவைக்கவும். கடவுள் உங்களுக்கு நீண்ட ஆயுள் தரட்டும்; இந்த ஒரு மாதத்துக்காவது நல்ல மழையும் வேண்டாம், நல்ல வெயிலும் வேண்டாம், நடுவாந்தரமாக ஏதாவது தரட்டும்.

இப்படிக்கு,
தண்டனைக்குக் காத்திருக்கும்
ராஜவேல்

பின்குறிப்பு: அண்ணா, பாக்கியம் எழுதுறேன். தபால்ல போடுன்னு கவரக் கைல குடுத்தாரு, பிரிச்சிப் படிச்சேன். மனுவ இவர் எழுதினேன்னு சொன்னது நெஜமில்ல. கம்ப்யூட்டர் வாங்கின அன்னிக்கு அவர் பேரப் போட்டு வெச்சாங்க, அதுல யார் என்ன அடிச்சாலும் அவர் பேர்தான் வரும். பதினாறு வருசமா அடிக்கிறது நான். அந்த மனுவையும் நான்தான் அடிச்சேன், இவருக்குக்கூட அனுப்பின பெறவுதான் தெரியும். திரௌபதி கேட்டத ஊரே பேசிச்சு, அந்த வார்த்தையத்தான் போட்டேன். உனக்கு ரெண்டு தடவ போன் பண்ணி டிரம் காலியா இருக்குன்னு சொன்னேன். "பாத்துக்கலாம்மா"ன்னே. மூணாந் தடவ உனக்குப் பண்ணாம வேற எடத்துக்குச் சொன்னேன், அவ்ளோதான்.

இந்தக் கடுதாசி உன் கைக்கு வர்ற அன்னிக்கு நான் உன் உப்பளத்துலதான் இருப்பேன். திரௌபதி உப்பு வாரிக்கிட்டிருந்த பாத்தில, அவளயும் கூட்டிட்டுப் போயி அவ பக்கத்துல. மேஸ்திரி வெரட்டினா மொதலாளி தங்கச்சின்னு சொல்லுவேன். சாயந்திரம் வரைக்கும் நிக்கப்போறேன். வீட்லேர்ந்து குடிக்கத் தண்ணி எடுத்துட்டு வரமாட்டேன்.