எட்டாம் எண் ஒட்டியவர்கள் பட்டியல்

அன்பும் மரியாதையும் நிறைந்த சித்திக்கு,

உங்கள் அக்கா மகள் எழுதுவது. நீங்களும் உங்கள் ஆய்வகத்து ரத்தக் குப்பிகளும் நலம் என்று நம்புகிறேன். நான் நலமாக இல்லை. கட்டிலுக்கு அடியில் டார்ச் அடித்து எழுதுகிறேன். பள்ளி நாடகத்துக்காக அதில் ஒட்டிய நீலக் காகிதம் பிய்ய மாட்டேன் என்கிறது. என் கையே செத்தவள் கை மாதிரித் தெரிகிறது. நாளைக்கு அப்படியே ஆனாலும் ஆகலாம். இரவுப் பணி முடிந்து மாடி ஏறியதும், கதவிடுக்கில் கிடக்கும் இதைச் செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே படிக்கவும்.

எல்லாம் நீங்கள் சொல்லிக் கொடுத்ததால் வந்தது. குறையாகச் சொல்லவில்லை. வெள்ளணுக்களில் பல பார்வைக்கு ஒன்று போலவே இருக்கும், மேலே ஒட்டிக்கொண்டிருக்கும் புரதத்தை வைத்துத்தான் எது எதுவென்று கண்டுபிடிப்போம், அவற்றுக்கு எண் உண்டு, மூன்றும் நாலும் இருந்தால் உதவுகிற அணு, மூன்றும் எட்டும் இருந்தால் கொல்லுகிற அணு என்றீர்கள் அல்லவா, அதையே அறிவியல் கண்காட்சிக்கு நாடகமாக்கினேன். இருட்டறையில் பன்னிரண்டு பேர் தலையிலிருந்து கால்வரை வெள்ளைப் போர்வை, கண்ணுக்கு இரண்டு ஓட்டை, மேலே மினுங்கும் எண். டார்ச் அடித்து எண் படிக்கும் இயந்திரம் நான். எண் இல்லாமல் எது வந்தாலும் கிருமி. எட்டுக்காரிகள் நாலு பேரும் அதைத் தூக்கி விளையாட்டுச் சாமான் அறையில் போட வேண்டும். "மூஞ்சியப் பாக்காதீங்க, பேச்சக் கேக்காதீங்க, மேல என்ன ஒட்டியிருக்குன்னு மட்டும் பாருங்கடி" என்று பத்துத் தடவை பாடம் எடுத்தேன்.

இன்றைய ஒத்திகையில் கிருமியாக ஒரு பந்து உருண்டு வருவதாக ஏற்பாடு. பந்துக்கு முன்னால் தலைமையாசிரியை வந்துவிட்டார்.

டார்ச் அடித்தேன். எண் இல்லை. "எண் இல்லை" என்று என் வாய் தானாகச் சொல்லிவிட்டது, சித்தி.

"அடியே, நான் ஹெச்.எம்.!"

"எல்லாக் கிருமியும் இதத்தான் சொல்லும்" என்றாள் ஒரு எட்டு.

அவர் கொஞ்சம் கனத்த உடம்பு. நாலு பேர் இழுத்தும் அசையவில்லை. அப்புறம் எங்கிருந்தோ இன்னும் இரண்டு எட்டு வந்து, சிரிக்காமல், பேசாமல், காலைப் பிடித்து அலாக்காகத் தூக்கி, வலைக்குவியல்மேல் கிடத்தித் தாழ்ப்பாளும் போட்டுவிட்டன. இன்று வராத இரண்டு பேரின் போர்வையும் மிச்ச எண்களும் மேசைமேல் கிடந்தன. இருட்டில் யார் எடுத்தார்களோ, எனக்குத் தெரியாது. இருபது நிமிடம் கழித்துக் காவலாளி திறந்தபோது தலைமையாசிரியையின் தலைமுடியில் ஓர் இறகுப்பந்து இருந்தது. அதை எடுத்துவிட யாருக்கும் தைரியம் வரவில்லை.

"ஆறு பேரு மேலயும் எட்டு மின்னுச்சு, நான் பாத்தேன். எட்டு ஒட்டுனவங்க பட்டியல் நாளைக்கு முதல் மணிக்கு என் மேசையில இருக்கணும். இல்லன்னா அப்பாவக் கூட்டிட்டு வா, உன் பேர வெட்டிடுறேன்!"

நாலு பேரும் என் சிநேகிதிகள். காட்டிக்கொடுத்தால் நாளையிலிருந்து எனக்குப் பக்கத்தில் உட்கார ஆள் இருக்காது. கொடுக்காவிட்டால் அப்பா. குழம்பில் உப்பு குறைந்ததற்கே தெருக்கோடிவரை கேட்கும்படி கத்துகிறவர் அவர். ஆகவே நீங்கள் வெள்ளைக் கோட்டோடு பள்ளிக்கு வந்து, ஓர் அடையாளத்தை மட்டும் வைத்து எந்த அணுவையும் முடிவுகட்டக் கூடாது, இரண்டாவது அடையாளமும் வேண்டும் என்று எனக்குச் சொன்னதைத் தலைமையாசிரியைக்கும் சொல்ல வேண்டும். காலில் விழுந்து கேட்கிறேன். கட்டிலுக்கு அடியில் இருப்பதால் ஏற்கெனவே பாதி விழுந்துதான் இருக்கிறேன்.

உங்கள் கண்ணும் நுண்ணோக்கியும் என்றும் மங்காதிருக்க வேண்டும்,
நாளையோடு படிப்பை முடிக்கப்போகும் உங்கள் மகள்.

பி.கு.: துவைக்கக் கொண்டுவந்த போர்வைகளை இப்போதுதான் உதறினேன். எட்டு ஒட்டிய ஒன்றிலிருந்து விளையாட்டு டீச்சரின் விசில் விழுந்தது. இன்னொன்றிலிருந்து கணக்கு டீச்சரின் மூக்குக்கண்ணாடி. இரண்டாவது அடையாளம் கிடைத்துவிட்டது, சித்தி. நீங்கள் வர வேண்டாம், நிம்மதியாகத் தூங்குங்கள். பட்டியலில் அந்த இரண்டு பெயரையும் முதலில் எழுதிவிட்டேன். முதல் மணிக்கு முன்பே ஆசிரியர் அறைக்குப் போய், எழுத்துப்பிழை இருக்கிறதா என்று அவர்களிடமே காட்டிக் கேட்கப்போகிறேன்.