நாமகிரிப்பேட்டையில் ஒளியை முந்தினேன்

அறிவாளி என்று காட்டிக்கொள்ளத் துடிப்பவன் பெண் பார்க்கப் போகும்போது கையில் ஆராய்ச்சித் தாளை எடுத்துப் போகக் கூடாது. நான் எடுத்துப் போனேன்.

எண்பதுகளின் தொடக்கம். சென்னையில் ஆராய்ச்சி மாணவன். ஏறக்குறைய ஒளியின் வேகத்தில் ஓடும் வாயு, சுவரில் மோதினால் என்ன ஆகும் என்று கம்ப்யூட்டரில் கணக்கிடுவது என் வேலை. மடிப்பு மடிப்பாக அச்சாகி வந்த முடிவுகளைத் திங்கட்கிழமை பேராசிரியரிடம் கொடுக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை அந்தக் கட்டோடும் சித்தப்பாவோடும் நாமகிரிப்பேட்டையில் இறங்கினேன். (மாப்பிள்ளை முறுக்குதான், வேறென்ன!)

பெண்ணின் அப்பா மஞ்சள் விவசாயி. “ஏனுங்க, இது வாய்க்கால்ல தண்ணி பாயற கணக்குங்களா?” என்றார்.

“அதைவிடப் பெருசுங்க. இதுல ஒளியோட வேகத்தை ஒண்ணுன்னு வெச்சிருக்கோமுங்க. உலகத்துல எதுவும் ஒண்ணத் தாண்டாதுங்க.”

தன் அம்மாவின் அருகில் உட்கார்ந்திருந்த பெண் கோமதி, இயற்பியல் பட்டதாரி, தாளில் விரலை வைத்தாள். “இங்க ஒண்ணு புள்ளி மூணு ஏழுன்னு இருக்குதுங்களே?”

“அச்சுப் பிழைங்க.”

“அடுத்த வரியிலயும் தாண்டுதுங்க. பக்கம் பூராவுமே.”

தரையில் மண்டியிட்டுத் தாளைப் பிரித்துக்கொண்டே போனேன். அது கூடத்தைத் தாண்டி வாசல்வரை போனது.

“எந்திரி சாமி, மானம் போவுது” என்றார் சித்தப்பா.

“வேகத்தை எப்படிங்க எடுத்தீங்க?” என்றாள் கோமதி.

“உந்தத்தை நிறையால வகுத்து...” சொல்லும்போதே தப்பு புரிந்துவிட்டது. அவ்வளவு வேகத்தில் வாயுவின் ஆற்றலும் அழுத்தமும் சேர்ந்து கனக்கும். வெறும் நிறையால் வகுத்து வைத்திருந்தேன், மடையன்!

அவள் பென்சில் கொடுத்தாள். அழுத்தத்தை உத்தேசமாக வைத்து வேகம் கண்டேன், அந்த வேகத்தால் அழுத்தத்தைத் திருத்தினேன், மறுபடி வேகம். அவள் எண்களை வாசித்து ஓரத்தில் எழுத எழுத நான் கணக்குப் போட்டேன். ஆறாவது சுற்றில் விடை அசையாமல் நின்றது: புள்ளி ஒன்பது நான்கு.

“உள்ள வந்துருச்சு!” என்று நான் கத்தியதில் பெண்ணின் அப்பா எழுந்தே நின்றுவிட்டார்.

திரும்பும்போது பஸ்ஸில் சித்தப்பா கேட்டார்: “புள்ள எப்படிடா இருக்குது?”

அப்போதுதான் உறைத்தது, நான் அவள் முகத்தையே பார்க்கவில்லை. “கையெழுத்து நல்லா இருக்குதுங்க சித்தப்பா” என்றேன்.

புரோகிராமைத் திருத்தி ஓட்டினேன். ஒரு வரிகூட ஒன்றைத் தாண்டவில்லை. பட்டம் வந்தது, தை மாதம் கல்யாணமும் நடந்தது. மாமனார் இன்றும் விருந்தாளிகளிடம் சொல்வது ஒன்றுதான்:

“மாப்பிள்ளை பொண்ணையே பாக்கலீங்க. எம்பொண்ணுதான் மாப்பிள்ளையப் பாத்து, தப்பத் திருத்தி, அப்பறம் எடுத்துக்கிட்டா.”